அர்த்தம் கேட்கக் கூடாது

விஜயன் டிரம்ஸ் வாசித்ததைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மலேசியாவின் ஜொகூரில், பாசிர் கூடாங் துறைமுகத்தில் வாரம் முழுக்கக் கொள்கலன்களை ஒழுங்காக அடுக்கவைப்பது அவருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது எதையும் அடுக்காமல் இருக்கவேண்டும் என்று நினைப்பவர்.

அவர் வாசித்தது ஜாஸ். காபிக் கடைகளில் மெல்லிசாக ஒலிக்குமே, அந்த ஜாஸ் இல்லை. தாளம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத பரிசோதனை ஜாஸ். டிரம்ஸின் மேல் சங்கிலியைப் போட்டு இழுப்பார். பித்தளைத் தாம்பாளத்தை வயலின் வில்லால் தேய்ப்பார். குழுவில் இன்னும் இரண்டு பேர். ஆளுயர டபுள் பேஸ் வாசிக்கும் சைஃபுல்லா மூவார் ஊர்க்காரன். மச்சானின் சோபாத் தொழிற்சாலையில் வேலை. யுகேந்திரன் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். சாக்ஸபோனின் வாயை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஊதுவதில் பெயர் வாங்கியவன். பெயர் என்றால், அந்த மூன்று பேருக்குள்.

விஜயனின் மனைவி தேன்மொழி தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் ஒரு மொழிப் பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தாள். பல்கலைக்கழகத்தில் விளையாட்டாக எடுத்த பாடம் கடைசியில் சோறு போட்டது. பிரெஞ்சுக்காரர்களின் ஷான்சோன் பாடல்கள் என்றால் அவளுக்கு உயிர். ஷான்சோனில் குரல் வித்தைக்கு வேலை இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தி தன் கதையைச் சொல்வது போல இருக்கும். ஒவ்வொரு சொல்லும் காதில் விழவேண்டும். தேன்மொழி தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுச் சமையலறையில் பாடிக்கொண்டிருப்பாள். கணவரின் குழுவைப் பற்றி அவளிடம் யாராவது கேட்டால், "சட்டிப்பானை உருட்டப் போயிருக்காரு" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு காலை, பெர்மாஸ் ஜெயாவில் இருந்த தங்கள் வீட்டு வாசலில் விஜயன் டிரம்ஸைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கைப்பையோடு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க வர்ற?" என்றார் விஜயன்.

"மூவாருக்கு. உங்க கூட பாடலாம்னு."

விஜயன் கையில் இருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள். "எல்லாம் பிரெஞ்சுப் பாட்டு. நானே எழுதினது. அர்த்தம் மட்டும் யாரும் கேக்கக் கூடாது."

"அர்த்தம் யாருக்கு வேணும்? குரல் இருந்தா போதும் லா."

"தெரியும். அதனாலதான் வர்றேன்," என்று அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

சைஃபுல்லாவின் மச்சான் அபூபக்கருடைய சோபாக் கிடங்கில்தான் ஒத்திகை. பிளாஸ்டிக் உறை போட்ட சோபாக்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு கார் நிறுத்துகிற அளவுக்கு இடம் இருக்கும். மெத்தைகள் எதிரொலியை விழுங்கிவிடுவதால் குரல் சுத்தமாகக் கேட்கும். தேன்மொழி முதல் பாட்டைப் பாடி முடித்ததும் யுகேந்திரன் வாளியிலிருந்து சாக்ஸபோனை வெளியே எடுத்தான். "அக்கா, நாம இத ஆல்பமா போடணும்," என்றான். அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஒன்பது பாட்டு. பிரெஞ்சு ஷான்சோன், ஜொகூர்க் கலாட்டா.

விஜயனுக்குக் குரல் இருந்தால் போதும் என்றாலும், எந்தப் பாட்டுக்கு என்ன சத்தம் போடுவது என்று தெரியவேண்டுமே. தலைப்பையாவது சொல் என்று கெஞ்சினார். தேன்மொழி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். முதல் பாட்டு, மழை. இரண்டாவது, துறைமுகம். மூன்றாவது, காணாமல் போன நண்பன். நான்காவது, மேசை.

விஜயன் மனம் வைத்து உழைத்தார். மழைக்காக டிரம்ஸின் தோல்மேல் பச்சைப்பயறைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிப் பார்த்தார். துறைமுகம் அவருடைய சொந்த ஊர் மாதிரி. ஒரு ரப்பர் பந்தைக் குச்சியில் குத்தி, பெரிய டிரம்மின் தோலில் அழுத்தி இழுத்தால், மூடுபனியில் கப்பல் ஊதுவது போல அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும். அதை முதல்முறை கேட்டபோது தேன்மொழி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

"என்ன ஆச்சு?"

"தொண்டை," என்றாள். "அந்தச் சத்தத்த விடாதீங்க. இன்னும் கொஞ்சம் நீளமா இழுங்க."

வீட்டில் தேன்மொழி பேசினால் விஜயன் விரல்களால் மேசையில் தட்டிக்கொண்டே "ம்" போடுவார். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. கிடங்கில் அதே மனிதர் அவள் மூச்சு இழுக்கும் இடத்தையெல்லாம் கவனித்தார். ஒரு சொல்லுக்கு முன்னால் அவள் தயங்கினால் குச்சியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். இத்தனை வருடக் கல்யாணத்தில் அவர் இவ்வளவு கவனமாகத் தன்னைக் கேட்டதில்லை என்று தேன்மொழிக்குத் தோன்றியது. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலில் இன்னும் இரண்டு பாட்டுக்குப் புதிய வரிகள் எழுதினாள்.

ஆல்பம் பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு கச்சேரி வைத்துப் பார்க்கலாம் என்று ஜொகூர் பாருவின் பழைய கடைவீதியில் ஒரு மாடியைப் பிடித்தார்கள். தேன்மொழியின் மாணவர்கள் வந்தார்கள். அவளோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தார்கள். விஜயன் வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்கள் நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மழை பாட்டில் பச்சைப்பயறு விழ ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பயறு சிதறியதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று விஜயன் நினைத்தார். துறைமுகத்தில் அவர் ரப்பர் பந்தை இழுத்தபோது கூட்டமே சிரித்தது. அவர் இழுக்க இழுக்க அவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்கள் பாடுகிறவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அலமாக், நாம் இவ்வளவு பெரிய கலைஞனா என்று நினைத்து விஜயன் இன்னும் நீளமாக இழுத்தார். ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

கச்சேரி முடிந்து அவர் சங்கிலிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, நரைத்த தாடி வைத்த ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் பெரிய மனசுக்காரர். என்னால் இப்படி உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள்."

விஜயன் புன்னகைத்தபடியே தலையாட்டினார். தலையாட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் வேலையிடத்து உணவுக்கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கச்சேரியில் எடுத்த ஒலிப்பதிவைப் போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலிக்குப் போட்டுக் காட்டினார். செயலி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது.

'துண்டு கட்டிலில் தூங்குகிறது. மனைவி கொடியில் காய்கிறாள்.'

அது மழை. துறைமுகத்துக்கு இப்படி வந்தது: 'தினமும் என் படுக்கையறைக்குள் ஒரு கப்பல் நுழைகிறது. அது மூக்கின் வழியாக வருகிறது. கேப்டன் உறங்குகிறார்.'

விஜயன் தேநீரைத் தள்ளி வைத்தார். காணாமல் போன நண்பன் யார் என்று பார்த்தால் ஊறுகாய். 'குளிர்பெட்டியைத் திறந்து நின்று அவன் கூவுகிறான், எங்கே, எங்கே. ஊறுகாய் அவனைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறது.'

நான்காவது பாட்டுக்குச் செயலி ஒரே வரியைத்தான் பிழையில்லாமல் சொன்னது. 'நான் பேசினேன். மேசை பதில் சொன்னது.'

அப்போது அவர் விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தன. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிச்சப் பாட்டுகளைக் கேட்க மனம் வரவில்லை. போனை அணைத்தார்.

சாயங்காலம் சைஃபுல்லாவைக் கூப்பிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும்ணே."

"ஏன் சொல்லல?"

"அந்தக் கப்பல் சத்தத்த நீங்க அவ்ளோ ஆசையா இழுத்தீங்க. சொல்லிட்டா நீங்க கூச்சப்பட்டு வாசிப்பீங்க, பாட்டு கெட்டுப்போயிரும்."

"யுகேந்திரனுக்கு?"

"அவன்தாண்ணே செயலில போட்டுப் பாத்து எனக்கே சொன்னான்."

தேன்மொழியிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் அர்த்தம் வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? அதற்கு மேல் ஒரு ரோஷமும் இருந்தது. பாட்டிலேயே பதில் கொடுக்கிறேன் என்று தீர்மானித்தார். அடுத்த ஞாயிறு ஒத்திகையில் துறைமுகம் வந்தபோது ரப்பர் பந்தைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பாட்டு நொண்டி விழும் என்று எதிர்பார்த்தார்.

பாடி முடித்த தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். "அந்த அமைதி ரொம்ப நல்லா இருக்குங்க. அப்படியே வச்சுக்கலாம்."

அடுத்த பாட்டில் வேண்டுமென்றே குச்சிகளைத் தரையில் போட்டார். "செமண்ணே," என்றான் யுகேந்திரன். அதற்கடுத்த பாட்டில், அவள் மிக மென்மையாகப் பாடிய இடத்தில், கல்யாண ஊர்வலத்துக் குத்து அடியைப் போட்டு நொறுக்கினார். சைஃபுல்லா கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்பது போல அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். பரிசோதனை ஜாஸில் எதையும் கெடுக்க முடியாது என்பது விஜயனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் எவ்வளவு கெடுத்தாரோ அவ்வளவுக்கு ஆல்பம் தேறியது.

சத்தத்தால் ஆகாது, பேச்சுதான் வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். பிரெஞ்சில் நாலு வார்த்தை. பதிவு நாளில், மேசை பாட்டில், அவள் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் டிரம்ஸுக்கு விடுகிற இடைவெளியில் அந்த நாலு வார்த்தையைப் போட்டுத் தாக்குவது. ரெக்கார்டில் ஏறிவிட்டால் அவளால் அழிக்க முடியாது. மற்ற இருவரும் அழிக்கவிடமாட்டார்கள்.

தேன்மொழியின் தங்கை லோஷினி பெர்மாஸ் ஜெயாவிலேயே கேக் கடை வைத்திருந்தாள். அக்காவிடம் சின்ன வயதிலிருந்து பிரெஞ்சு படித்தவள். அவர்களுடைய அம்மா காளியம்மா அவளோடுதான் இருந்தார். விஜயன் வேலை முடிந்து அங்கே போய், விஷயத்தைச் சொல்லி, தன் குற்றச்சாட்டுகளைச் சொன்னார். நான் கழுவின தட்டையே மறுபடி கழுவுகிறாள். ரிமோட்டை ஒளித்து வைக்கிறாள். காரைக் கோணலாக நிறுத்திவிட்டுப் போகிறாள், பக்கத்து வீட்டு மணியம் என்னைத் திட்டுகிறார்.

லோஷினி கிரீம் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். "இவ்ளோதானா மாமா?"

"இது போதும். காரமா இருக்கணும்."

"காரம் என் பொறுப்பு. ஆனா போன்ல பதிவு பண்ணாதீங்க, அக்கா எடுத்துப் பாத்துருவா. நான் வாயால சொல்றேன், அப்படியே பிடிச்சுக்குங்க."

அவள் கல்லாப் பக்கம் நின்று வரி வரியாகச் சொன்னாள். விஜயன் அதைத் தாளக்கட்டாகப் பிடித்தார். அர்த்தம் தெரியாத ஒலிகளை மனப்பாடம் செய்வது அவருக்குச் சிரமமே இல்லை, தகதிமி போலத்தான். மூன்று சாயங்காலத்தில் முழுவதும் வந்துவிட்டது. இரண்டே இடத்தில் சந்தேகம்.

"இதுல 'அமூர்'னு ஒண்ணு வருதே. அது காதல் இல்ல?"

"அது குத்தலா சொல்றது மாமா. நம்ம ஆளுங்க 'மகராசி'ன்னு திட்டுவாங்கல்ல, அந்த மாதிரி."

"கடைசில உன் பேரு மாதிரி கேக்குது. லோஷினின்னு."

லோஷினி கேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிரெஞ்சுல அதுக்கு 'மேலும்'னு அர்த்தம்."

காரில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கொள்கலன்களுக்கு நடுவில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தபோது கிரேன் ஓட்டுபவர் எட்டிப் பார்த்தார்.

பதிவு நாள் வந்தது. சைஃபுல்லா ஒலிவாங்கிகளை நிறுத்தி, கிடங்கின் பெரிய கதவை இழுத்து மூடினான். முதல் மூன்று பாட்டும் நல்லபடி போயின. மேசை பாட்டில் தேன்மொழி முதல் வரியைப் பாடிவிட்டு இடைவெளி விட்டாள். விஜயன் குச்சியைப் பெரிய டிரம்மில் ஓங்கி இறக்கி, நெஞ்சில் இருந்த கோபத்தையெல்லாம் திரட்டி, முதல் வாக்கியத்தைக் கத்தினார்.

தேன்மொழி திரும்பினாள். வாய் திறந்தபடி இருந்தது. பாட்டை விடக்கூடாது என்ற பழக்கத்தில் இரண்டாவது வரியைப் பாடினாள். விஜயன் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார், விரலை நீட்டி. மூன்றாவது வரியில் அவள் குரல் ஆட ஆரம்பித்தது. சரியான இடத்தில் பட்டுவிட்டது என்று விஜயனுக்குத் தெம்பு வந்து, மீதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி போட்டு, கொட்டித் தீர்த்தார். கடைசியில் 'லோஷினி' என்ற இடத்தில் இரண்டு தாம்பாளத்தையும் சேர்த்து அடித்தார்.

தேன்மொழி பக்கத்து சோபாவில் விழுந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது. அவள் அழுகிறாள் என்று நினைத்து விஜயன் எழுந்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால், சிரிப்பு. மூச்சு வாங்க முடியாத சிரிப்பு. சைஃபுல்லா வாசிப்பதை நிறுத்தவில்லை. யுகேந்திரன் வாளிக்குள் ஊதிக்கொண்டே இருந்தான். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் விஜயன். அவருக்கு இப்போது பயமாக இருந்தது.

தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "'என் அன்பே, நீ பாடினதெல்லாம் உண்மை. நான் ஒரு மரமேசை. இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை குளியலறைய நான்தான் கழுவுவேன். மாசா மாசம் உங்க அம்மாவ கோத்தா திங்கிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன், அவங்க கூட்டாளிங்கள பாக்க. இத்தன நாள் கூட்டிட்டுப் போனது பாவம் லோஷினி.'"

வாளித் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது.

"அவ 'மேலும்'னு சொன்னா," என்றார் விஜயன்.

அதைக் கேட்டு யுகேந்திரனாலும் ஊத முடியவில்லை. வாளி உருண்டது.

மற்ற ஐந்து பாட்டையும் மத்தியானத்துக்குள் முடித்தார்கள். மேசையை மறுபடி எடுக்கலாமா என்று விஜயன் கேட்டபோது மூன்று பேரும் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள். அது அப்படியேதான் போகும்.

திரும்பும்போது விஜயன் நெடுஞ்சாலைக்குப் போகாமல் பத்து பஹாட் நகருக்குப் போகும் கடலோரப் பழைய சாலையைப் பிடித்தார். பாரிட் ஜாவாவில் நிறுத்தி புளிப்பும் காரமுமான மீன் குழம்பு, அசாம் பெடாஸ், சாப்பிட்டார்கள். அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "சொல்லு," என்றார்.

"எத?"

"ஒன்பது பாட்டையும். முதல்லேர்ந்து. செயலி பாதிய தப்புத் தப்பா சொல்லுது."

தேன்மொழி அவரை நிமிர்ந்து பார்த்தாள். செயலி என்றதும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அந்த அமைதி, அந்தக் குத்து அடி, எல்லாம். கையைக் கழுவிக்கொண்டு வந்து காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். ஒரு பாட்டை வரி வரியாகத் தமிழில் சொல்வாள். விஜயன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்பார். கேட்பதோடு நிற்கவில்லை. வழக்கறிஞர் போல மறுத்துப் பேசினார்.

"துண்டு தினமும் கிடையாது. மழை நாள்ல மட்டும்."

"ஜொகூர்ல எந்த நாள் மழை இல்ல?"

"சரி, அத விடு. ஊறுகாய் ஜாடி முன்னாடி இருந்துச்சா? நீ பின்னாடி தள்ளி வச்சுட்ட."

"உங்க கைக்கு நேரா இருந்துச்சு. நான் போட்டோவே எடுத்து வச்சிருக்கேன்."

ஏழாவது பாட்டுக்கு வந்தபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அது, கோலாலம்பூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பாகோ ஓய்விடத்தில் விஜயன் அவளை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போன கதை. அவள் பின் சீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்துப் போய்விட்டார். கழிவறையிலிருந்து வந்து பார்த்தால் கார் இல்லை. மாம்பழம் விற்கிற பெண்ணின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டில் அதையெல்லாம் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் வேடிக்கையாக இல்லை. 'வீடு வரைக்கும் போயிருப்பான். பசி எடுத்தபோதுதான் என் நினைவு வந்தது.'

விஜயன் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள் திட்டிக்கொண்டே விலகிப் போனது.

"அது பொய்," என்றார்.

"எது பொய்? நான் எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா?"

"நேரம் ஆச்சு. அது உண்மை. ஆனா எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. ஓய்விடத்த விட்டு வெளிய வந்ததும் ஏதோ கேட்டேன், பதில் இல்ல. திரும்பிப் பாத்தா சீட்டு காலி. உன் போனுக்கு அடிச்சேன். அது பின் சீட்ல உன் கைப்பைக்குள்ள அடிக்குது."

தேன்மொழி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"அது ஹைவே. எங்கயும் திருப்ப முடியாது. யோங் பெங்குக்குப் போய்த்தான் வெளிய எடுக்கணும். மறுபடி வடக்க ஏறி, உன்னயத் தாண்டிப் போயி, அடுத்த எக்ஸிட்ல இறங்கித் திரும்பி வரணும். எதிர்ப்பக்கம் நீ உக்காந்திருக்கற இடத்த நான் தாண்டிப் போனேன். கத்தினேன், தெரியுமா? கண்ணாடிய ஏத்திட்டுக் கத்தினேன்."

"அப்புறம் ஏன் வந்து ஒண்ணுமே சொல்லல? 'போலாமா'ன்னு மட்டும் கேட்டீங்க."

"என்னத்த சொல்றது? வெக்கமா இருந்துச்சு." அவர் கொஞ்சம் தயங்கினார். "யோங் பெங் போறதுக்கு முன்னாடி ரிவர்ஸ் வேற எடுத்துப் பாத்தேன்."

"ஹைவேலயா?"

"அவசர வழியில. கொஞ்ச தூரம். ஒரு பனங்காய் லாரிக்காரன் ஹார்ன அடிச்சு, கையக் காட்டி... அம்மா அப்பா எல்லாரையும் இழுத்தான். அதுக்கப்புறம்தான் முன்னாடி ஓட்டினேன்."

தேன்மொழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது மனதில் விழுந்த வரி அது. இத்தனை நாளும் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை.

"அந்த வரி ரெக்கார்டுல இருக்கக் கூடாது," என்றார் விஜயன். "குறட்டைய வச்சுக்க. துண்ட வச்சுக்க. மேசைய வச்சுக்க. அது எல்லாம் நான்தான். இது நான் இல்ல."

"வண்டியத் திருப்புங்க," என்றாள் தேன்மொழி.

பழைய சாலையில் திருப்புவதற்கு இடம் தேடவேண்டியதில்லை. ஒரு கிராமத்து வீட்டு வாசலில் வண்டியை நுழைத்துப் பின்னால் எடுத்துத் திருப்பினார். தேன்மொழி சைஃபுல்லாவுக்குப் போன் போட்டு ஒலிவாங்கியைக் கழற்றாதே என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வரியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் எதுகை போய்விடுகிறது. எதுகை வந்தால் யோங் பெங் போய்விடுகிறது. யோங் பெங் என்பதை பிரெஞ்சில் எதோடும் சேர்க்க முடியவில்லை என்று புலம்பினாள். "அப்படியே போடு லா," என்றார் விஜயன்.

கிடங்குக்குப் போனபோது பெரிய கதவு திறந்திருந்தது. அபூபக்கரின் ஆட்கள் சோபாக்களை லாரியில் ஏற்றுவதற்காகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யுகேந்திரன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் வாளி மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

"ஒரே ஒரு வரிதான், தம்பி," என்றாள் தேன்மொழி.

"என்ன வரி அக்கா?"

அவள் சொன்னாள். 'அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, திரும்பவிடாதது சாலை. யோங் பெங்வரை போய்வந்தான்.'

சைஃபுல்லா கழுத்தைச் சொறிந்தான். "இது சிரிப்பா இல்லையே அக்கா. பழைய வரிக்குத்தான் கச்சேரில கைதட்டினாங்க."

"தெரியும். இதையே எடு."

"ஆளுங்கள கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லவா?"

"வேணாம். அவங்க வேலைய பாக்கட்டும்."

விஜயன் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார், ஆனால் எதையும் தொடவில்லை. தேன்மொழி அந்தப் பத்தியை முதலிலிருந்து பாடினாள். மாம்பழக்காரியும் பட்டுப்புடவையும் வந்து போனார்கள். புதிய வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுத்த அந்த நேரத்தில், வாசலில் லாரி ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கியது. பீப், பீப், பீப் என்று அது கிடங்கு முழுக்க அடித்தது.

அவள் பாட்டை விடவில்லை. அந்த பீப்புக்கு மேலேயே பாடினாள். விஜயன் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பில் தோள்கள் குலுங்கின. சைஃபுல்லா பதிவை நிறுத்திவிட்டு, "சத்தம் ஏறிப்போச்சு, இன்னொரு தடவ எடுக்கலாம்," என்றான்.

வேண்டாம் என்று சொல்ல விஜயனுக்கு வாய் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். தேன்மொழி ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு வந்து, லாரிக்குப் போகக் காத்திருந்த ஒரு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, "எவ்ளோ தூரம் ரிவர்ஸ் எடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க," என்று கேட்டாள்.